பையை இறக்கிவைத்த பிறகு

நீலிப்பாறை எஸ்டேட்டில் முனீஸ்வரனைப் பை இல்லாமல் பார்த்தவர்கள் குறைவு. வண்டிப்பெரியாரிலிருந்து வரும் பஸ் கிளப் வளைவில் திரும்பும்போது ஜன்னலோரம் இருப்பவர்கள் கீழே எட்டிப் பார்த்தால் போதும். தேயிலைக்கு நடுவே செதுக்கி எடுத்தாற்போலக் கிடக்கும் கோல்ஃப் மைதானமும், அதில் கை வீசி நடக்கும் யாரோ ஒரு கிளப் மெம்பரும், அவருக்குச் சற்றுப் பின்னால் தோளில் நீளப் பையோடு போகும் முனீஸ்வரனும் தெரிவார்கள். மெம்பர் மாறுவார், தோள் மாறாது.

பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. அப்பாவுக்கு ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மகனையும் அங்கேயே சேர்த்துவிடப் பார்த்தார். மாடியின் வெக்கையும் வாடிய இலையின் வாசமும் மகனுக்கு ஒத்துவரவில்லை. கிளப்பில் பை தூக்க ஆள் கேட்டார்கள், போனான். அந்த வேலைக்கு அங்கே கேடி என்று பெயர்.

கேடி என்றால் சுமைகூலி என்று நினைப்பவர்கள் உண்டு. எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை, மழைக்குப் பிறகு பந்து எவ்வளவு உருளும், தேயிலைக்குள் போன பந்து எந்தத் தூரடியில் கிடக்கும், இதெல்லாம் கேடிக்குத் தெரிய வேண்டும். ராத்திரி யானை இறங்கி நடந்த மறுநாள், காலடிப் பள்ளத்தில் விழுந்த பந்தை எடுத்து வெளியே வைக்கலாம் என்பது அந்தக் கிளப்பின் சட்டம். பள்ளம் யானை போட்டதா, காட்டுமாடு போட்டதா என்று மெம்பர்களுக்குள் தகராறு வந்தால் முனீஸ்வரன் குனிந்து பார்த்துச் சொல்வதுதான் தீர்ப்பு.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு கேடி கற்றுக்கொள்வது, யாருக்கும் வழியில் நிற்காமல் இருப்பதை. மெம்பர் கை நீட்டும் முன் மட்டை கைக்கு வந்துவிட வேண்டும். அவர் குனிந்து நிற்கும்போது கேடியின் நிழல் பந்தில் விழக் கூடாது. அடித்து முடித்த கணம் பை தோளுக்கு ஏறிவிட வேண்டும். காத்திருப்பது கேடியின் வேலை. கேடிக்காக ஒருவர் காத்திருப்பது என்பது கிடையாது.

இதில் முனீஸ்வரனுக்கு நிகர் அந்த மலையில் இல்லை. "முனீஸ் கூட வந்தா நான் தனியா விளையாடுற மாதிரியே இருக்கும்" என்று பழைய மானேஜர் சார் சொல்வார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எஸ்டேட்டை விட்டுப் போக மனமில்லாமல் பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டவர் அவர். அவருடைய பையைத்தான் முனீஸ்வரன் அதிக காலம் தூக்கியிருந்தான். அந்தச் சொல்லைப் பெரிய பாராட்டாகவே அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்றைக்குக் கேடிகள் விளையாடிக்கொள்ளலாம். மெம்பர்கள் வேண்டாமென்று கொடுத்த பழைய மட்டைகள் முனீஸ்வரனிடம் ஒரு பை நிறைய இருந்தன. ஒன்றுக்கொன்று ஜோடி சேராதவை. அவற்றை வைத்துக்கொண்டு அவன் அடிக்கிற அடியைப் பார்க்க ஃபேக்டரி ஆட்கள் வேலியோரம் வந்து நிற்பார்கள். பந்து கிளம்புகிற சத்தத்திலேயே தெரியும், அது நேராகப் போகிறது என்று.

ஆனாலும் கோப்பை மட்டும் வரவில்லை. சுற்றுவட்டாரத்தில் நான்கு எஸ்டேட் கிளப்புகளின் கேடிகளுக்கு வருஷம் ஒருமுறை போட்டி நடக்கும். அவரவர் பையை அவரவரே தூக்கிக்கொண்டு விளையாட வேண்டும். மற்ற மூன்று கிளப்புகளும் மாறி மாறிக் கோப்பையை எடுத்துப் போயிருந்தன. நீலிப்பாறைக் கிளப்பின் கண்ணாடி அலமாரியில் அதற்கென்று ஒதுக்கிய தட்டில் பழைய சீட்டுக்கட்டுகள் கிடந்தன.

போன வருஷம் போட்டி மேல்மலை கிளப்பில். கடைசிக் குழி வரை முனீஸ்வரன்தான் முன்னால். பந்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு மட்டை நீளம்தான் இருந்தது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடையில்லாமல் நாலைந்து பேர் பின்னால் நின்றார்கள். அவர்கள் நனைகிறார்களே என்று முனீஸ்வரனுக்கு ஒரு பதற்றம். வேகமாக வந்தான், குனிந்தான், தட்டினான். தோளில் தொங்கிய பை சரிந்து முழங்கையில் இடித்தது. பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு போயிற்று. அடுத்த தட்டும் அதே பதற்றத்தில் தவறியது.

பையை இறக்கி வைக்காமலே அடித்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது.

ஜெயித்தவன் மேல்மலை கிளப்பின் கேடி ரிஜின், மலையாளி. முனீஸ்வரனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன், நல்ல விளையாட்டுக்காரன், வாய் கொஞ்சம் நீளம். "சேட்டா, பேக்கும் கூடச் சேர்ந்து விளையாடிச்சா?" என்றான். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முனீஸ்வரனும் சிரித்துவைத்தான்.

அவன் மனைவி ஜீவிதாவுக்கு அதே எஸ்டேட்டில் கொழுந்து வேலை. ஒன்பதாவது குழிக்கு மேலே இருக்கும் சரிவுதான் அவள் கும்பல் கொழுந்து எடுக்கும் காடு. கத்தரி போட்டுக் கொழுந்து வெட்டிக்கொண்டே கீழே நடக்கிற விளையாட்டை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

"கோவிக்கிற மாதிரி இருந்தா சொல்லாத."

"பந்து அடிக்கையில யாருக்கோ வழி விடுற மாதிரியே நிக்கிறீக. உங்க பந்துதான அது?"

"உனக்கென்ன தெரியும் கோல்ஃப்பப் பத்தி?"

"கோல்ஃப்பப் பத்தி ஒண்ணும் தெரியாது. உங்களப் பத்தித் தெரியும். பெரியவுக யாராச்சும் வந்தா நம்ம வீட்டு வாசல்லயே ஒதுங்கி நிப்பீக. அதே நிப்புத்தான் அங்கயும்."

அவன் கோபித்துக்கொண்டான். ரசத்தை மறுத்துவிட்டுக் கையைக் கழுவினான். ஆனால் அடுத்த திங்கட்கிழமை மைதானத்துக்குப் போனதும் முதல் பந்திலேயே அது தெரிந்துவிட்டது. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. இருந்தும் கால்கள் அவசரப்பட்டன. தோள் பையை விட மறுத்தது. அடித்த மறுகணம் முகம் தானாக வலப்பக்கம் திரும்பி, யாருடைய முகத்தையோ தேடியது. மெம்பரின் முகத்தை.

அதற்கு மேல் அன்றைக்கு அவன் விளையாடவில்லை. நின்ற இடத்திலேயே பையைத் தோளில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். புல் வெட்டுகிறவர்கள் பார்த்துவிட்டு, இவனுக்கு என்ன ஆயிற்று என்று பேசிக்கொண்டார்கள்.

பையை இறக்குவது முதல் வேலை என்று அவன் முடிவு செய்தான். பந்துக்கு இடப்பக்கம், எட்டி எடுக்க முடியாத தூரத்தில். இறக்கிவிட்டால் அந்த இடத்தில் அவன் கேடி இல்லை. அதற்கப்புறம் என்ன செய்வது என்பதைக் கண்டுபிடிக்க அந்த மழைக்காலம் முழுவதும் ஆயிற்று.

நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரே மாதிரிச் சில காரியங்கள் செய்வார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இத்தனை காலம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான். அவர்களிடமிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்த்தான். ஒருவரைப் போலத் தொப்பியைத் தொட்டான், இன்னொருவரைப் போல மட்டையை ஆட்டினான், வேறொருவரைப் போலக் கண்ணை மூடினான். தன் பங்குக்குக் குலசாமி பெயரையும் சேர்த்துக்கொண்டான். எல்லாம் முடிந்து பந்தைப் பார்க்கும்போது எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழித்தான். தொப்பி போயிற்று. கண்ணை மூடுவது போயிற்று. சாமியை வீட்டிலேயே கும்பிட்டுவிட்டு வருவதென்று வைத்துக்கொண்டான். பந்துக்குப் பின்னால் போய் நின்று போக வேண்டிய வழியைப் பார்ப்பது மிஞ்சியது. அந்த வழியில், பந்துக்கு மிக அருகில் ஒரு குறி: ஓர் உதிர்ந்த இலை, ஒரு வெளுத்த புல், ஏதாவது ஒன்று. தூரத்துக் கொடியைப் பார்த்து அடித்தால் மனம் கொடிக்கு ஓடிவிடுகிறது. பக்கத்து இலையைப் பார்த்து அடித்தால் மனம் கையோடு இருக்கிறது. அப்புறம் காற்றில் ஒரு வெற்று வீச்சு. வலது காலை முதலில் வைத்துப் பந்தருகே வருவது. ஒரு பார்வை. அடி.

எல்லாம் சரி, ஆனால் எவ்வளவு நேரம் என்பது பிடிபடவில்லை. ஒருநாள் வேகமாக முடிந்தது, ஒருநாள் இழுத்தது. இதையும் ஜீவிதாவிடம்தான் சொன்னான்.

"நிறுவைக்கு மூட்டையத் தொங்க விடுவாகள்ல," என்றாள் அவள். "தொங்கவிட்ட ஒடனே முள்ளு ஆடும். அப்பவே எழுதச் சொல்லி சூப்பர்வைசரு அவசரப்படுவாரு. நான் விடமாட்டேன். முள்ளு நிக்கட்டும், அப்புறம் எழுதுங்கன்னு நிப்பேன். அவ்வளவு நேரந்தான் ஆகும். அதுக்கு மேல நின்னா பின்னாடி இருக்கவ ஏசுவா."

மறுநாள் நிறுவை நேரத்தில் கொழுந்துக் கொட்டகைக்கே போய்ப் பார்த்தான். மூட்டை ஏறியதும் தராசு முள் துள்ளியது, இரண்டு பக்கமும் ஆடியது, ஆட்டம் சுருங்கியது, நின்றது. வெற்று வீச்சுக்குப் பிறகு தன் உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று ஆடுவதை அதன்பின் அவன் கவனித்தான். அது நின்றதும் அடித்தான். அவசரமும் இல்லை, இழுவையும் இல்லை.

இன்னொன்று மீதமிருந்தது. நடுவில் யாராவது கூப்பிட்டால் என்ன செய்வது? கேடி என்பவன் கூப்பிட்டால் போகிறவன். அதற்கு ஒரு வழி யோசித்தான்: பாதியில் கலைந்தால் பாதியிலிருந்து தொடரக் கூடாது. பந்தை விட்டு விலகி, பையை மறுபடி தோளில் ஏற்றி, மறுபடி இறக்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் பழகுவதற்கு ஆள் தேவைப்பட்டது. அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த காலியிடத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைப் புதைத்துக் குழியாக்கி, மாலை வேளைகளில் ஜீவிதாவைப் பக்கத்தில் நிற்க வைத்தான்.

"எப்பக் கூப்புடணும்?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் என்ன பழக்கம்? உனக்கு எப்பத் தோணுதோ அப்ப."

அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அவன் இலையைக் குறி பார்த்துக் குனிகிற நேரமாகப் பார்த்து, "ஏங்க, கேஸ் தீந்துபோச்சு!" என்பாள். அவன் விலகிப் பையைத் தூக்குவான். மறுபடி குனியும்போது, "உங்க அக்கா போன் பண்ணுச்சு, நாளைக்குக் குடும்பத்தோட வருதாம்!" மறுபடி பை ஏறும், இறங்கும். ஒருமுறை, "ஐயோ, காலுகிட்டப் பாம்பு!" என்றாள். அவன் மட்டையைப் போட்டுவிட்டுக் குதித்தான்.

"பாம்புன்னா மட்டும் பை வேணாமாக்கும்?" என்று சிரித்தாள். லயத்துச் சனம் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தது. கொஞ்ச நாளில் அவர்களும் சேர்ந்துகொண்டு ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். அவன் அத்தனை பேருக்கும் பையை ஏற்றி இறக்கினான். முகம் மட்டும் சுளிக்கவில்லை.

போட்டி நவம்பரில் வந்தது, இந்தமுறை நீலிப்பாறையில். திங்கட்கிழமை. கிளப்புக்கு விடுமுறை என்றாலும் மெம்பர்கள் பார்க்க வந்திருந்தார்கள். ஒன்பதாவது குழியை ஒட்டிய கிளப் வராந்தாவில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பழைய மானேஜர் சார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மேலே சரிவில் ஜீவிதாவின் கும்பல் கத்தரி போட்டுக்கொண்டிருந்தது.

மைதானத்தில் ஒன்பது குழிகள்தான். இரண்டு சுற்று ஆட வேண்டும். முனீஸ்வரனும் ரிஜினும் கடைசி ஜோடி. முதல் குழியில் முனீஸ்வரன் பையை இறக்கிவைத்து, பின்னால் போய் நின்று, இலையைத் தேடியதைப் பார்த்ததும் ரிஜின் ஆரம்பித்துவிட்டான்.

"எந்தா சேட்டா, பூஜையா? தேங்காய் உடைக்கணுமா?"

"தேங்காய் வேணாம். நீ கொஞ்சம் நகந்துக்க, ஒன் நிழல் பந்துல விழுது."

ரிஜின் நகர்ந்தான். ஒருவரை நகரச் சொன்னது முனீஸ்வரனுக்கு வாழ்க்கையில் அதுவே முதல் முறை. சொன்ன பிறகு காது சூடாயிற்று. பந்து நேராகப் போயிற்று.

மூன்றாவது, நான்காவது குழிக்குப் பிறகு ரிஜின் கேலியை விட்டுவிட்டான். முனீஸ்வரனின் ஆட்டம் எல்லா அடியிலும் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஒரு பந்து ஓடையில் விழுந்தது. ஒன்று மணல் பள்ளத்தில் மாட்டி, வெளியே எடுக்க இரண்டு அடி பிடித்தது. ஆனால் கெட்ட அடிக்கு அடுத்த அடியும் அதே மாதிரிதான் தொடங்கியது: பை இறங்கியது, இலை, வீச்சு, முள் நின்றது. ரிஜின் வேகமாக முன்னேறினான், பிறகு வழுக்கினான், மறுபடி பிடித்தான். கடைசிக் குழிக்கு வரும்போது மற்றவர்களை முந்தி இருவரும் சமம்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. மலையில் மஞ்சு கேட்டுக்கொண்டா வரும்? முதல் அடி அடித்துப் பந்தை நோக்கி நடக்கும்போதே கொடி மறைந்தது, வராந்தா மறைந்தது. ரிஜின் நின்று யோசித்தான். கண்ணைச் சுருக்கி வெள்ளைக்குள் கொடியைத் தேடினான். கடைசியில் உத்தேசமாக அடித்தான். பந்து மணலில் விழுகிற சத்தம் கேட்டது.

முனீஸ்வரன் பையை இறக்கினான். கொடி எந்தப் பக்கம் என்பது அவன் கால்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் நின்று எத்தனையோ பேருக்கு மட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறான். அவனுக்கு வேண்டியது பந்துக்கு முன்னாலிருந்த ஒரு பழுத்த இலை மட்டும்தான், அது பளிச்சென்று தெரிந்தது. அடித்தான். பந்து மஞ்சுக்குள் நுழைந்து காணாமல் போயிற்று. கொஞ்சம் கழித்து வராந்தாவிலிருந்து கைதட்டல் கேட்டது.

பந்து குழி இருக்கிற வழவழப்பான புல் வட்டத்தில், ஆனால் ஓரத்தில் கிடந்தது. அங்கிருந்து தட்டியது குழியைத் தாண்டி ஓடி நின்றது. மீதி ஒரு மட்டை நீளம். போன வருஷம் மீதியிருந்த அதே நீளம். ரிஜின் மணலிலிருந்து எடுத்து ஐந்து அடியில் முடித்திருந்தான். முனீஸ்வரன் இதைப் போட்டால் நான்கு, ஓர் அடி குறைவு. கோப்பை.

மஞ்சு கரைந்து மழையாக ஆரம்பித்தது. பெரிய துளிகள். வராந்தாவில் நாற்காலிகள் பின்னுக்கு இழுபட்டன. முனீஸ்வரன் பையை இறக்கி, பின்னால் போய், வெளுத்த புல் ஒன்றைக் குறி வைத்து, வீசிப் பார்த்து, பந்தருகே வந்து குனிந்தான்.

"முனீஸ்! என் குடையை எடு!"

பழைய மானேஜர் சாரின் குரல். கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. மழை வந்தால் முனீஸ் என்று கூப்பிடுவது அவர் நாக்கில் ஊறிப்போன ஒன்று. முனீஸ்வரனின் கால்களிலும் அது ஊறித்தான் இருந்தது. குடை எங்கே இருக்கும் என்று மனம் அதற்குள் யோசித்து முடித்துவிட்டது: வராந்தாத் தூணுக்குப் பின்னால், வாளியில். உடம்பு பாதி திரும்பிவிட்டது.

அவன் பந்தை விட்டு விலகினான். போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

குடையை எடுக்கப் போகிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள். "சேட்டா, எங்க போறீங்க? இதப் போட்டுட்டுப் போங்க!" என்று ரிஜினே கத்தினான்.

முனீஸ்வரன் வராந்தாவைப் பார்த்து, உரக்கவும் இல்லாமல் முணுமுணுக்கவும் இல்லாமல் சொன்னான்: "அடிச்சிட்டு வாறேன் சார்."

பிறகு பையை இறக்கிவைத்தான்.

மழை பலத்தது. புல் வட்டத்தைச் சுற்றி நின்ற மற்ற கேடிகள் யாரும் நகரவில்லை. பந்துக்குப் பின்னால் போனான். அதே வெளுத்த புல் நனைந்து கிடந்தது. ஒரு வீச்சு. வலது காலை முதலில் வைத்து வந்தான். உள்ளே முள் ஆடியது. இத்தனை பேர் தனக்காக நனைந்துகொண்டு நிற்கிறார்கள் என்ற நினைப்பும் சேர்ந்து ஆடியது. அது சுருங்கும் வரை பொறுத்திருந்தான். நின்றது. தட்டினான்.

குழிக்குள் பந்து விழும் சத்தம் சின்னதுதான். மழையிலும் அவனுக்குக் கேட்டது.

ரிஜின்தான் முதலில் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். "என்னமோ பூஜைன்னு நினைச்சேன். எனக்கும் கொஞ்சம் பிரசாதம் தரணும் சேட்டா" என்றான். முனீஸ்வரன் கையை விடுவித்துக்கொண்டு நேராக வராந்தாவுக்குப் போய், தூணுக்குப் பின்னாலிருந்த வாளியிலிருந்து குடையை எடுத்து நீட்டினான். பழைய மானேஜர் சார் குடையை வாங்கவில்லை; அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"எத்தனை வருஷமா என்கூட நடக்கிறே. நீ விளையாடி இன்னிக்குத்தான் முழுசாப் பார்க்கிறேன்" என்றார்.

"அடுத்த திங்கட்கிழமையும் விளையாடுவேன் சார். வாங்க."

கண்ணாடி அலமாரியிலிருந்து சீட்டுக்கட்டுகளை எடுத்துவிட்டுக் கோப்பையை வைப்பதற்கு முன், ஓர் இரவு வீட்டுக்குக் கொண்டுபோக கிளப் செக்ரட்டரி அனுமதி கொடுத்தார். நனைந்த பையின் மேல் கோப்பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு முனீஸ்வரன் கொழுந்துக் கொட்டகை வழியாகப் போனான். நிறுவை முடிந்து பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கோப்பையைப் பார்த்ததும் குலவை போட்டார்கள். ஜீவிதா இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து உதறினாள்.

"பாத்தியா? உள்ள விழுந்தத?" என்றான்.

"இல்ல."

"மேலதான நின்ன? நல்லாத் தெரிஞ்சிருக்குமே."

"சாரு கூப்புட்டது கேட்டுச்சு. நீங்க பையத் தூக்குனதும் பக்குன்னு ஆயிருச்சு. திரும்ப எறக்கி வச்சீக பாருங்க, அதோட நான் என் மூட்டையக் கட்ட ஆரம்பிச்சுட்டேன். நிறுவைக்கு நேரமாச்சு."

"பந்து போறதப் பாக்கவே இல்லையா?"

"அதுக்கு மேல என்னத்தப் பாக்க?" என்றாள் ஜீவிதா. "பையக் குடுங்க, நான் தூக்கிட்டு வாறேன். இன்னைக்காச்சும் தோளச் சும்மா விடுங்க."